மௌனத்துக்கு அப்புறம் வரும் செல்லோ

ஏப்ரல் 9

ஆற்றில் பனி உடைந்துவிட்டது. பாலத்தில் ஆட்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் உடைவதுதான். ஒவ்வொரு வருஷமும் நின்று பார்க்கிறார்கள்.

காலையில் வெர்னியோலின் தாள் வந்தது. ஜூலையில் இளைய இளவரசருக்குத் திருமணம். பெண், ஜெர்மானியக் கடற்கரைக் குறுநாடு ஒன்றின் டியூக்குடைய பேத்தி. பீட்டர்ஹோஃப் அரண்மனை அரங்கில் பேரரசர் முன்னிலையில் ஓரங்க பாலே நடக்க வேண்டும். நடனம் வெர்னியோல், இசை நான். பிரெஞ்சுக் கிழவர் முப்பது வருஷமாக நம் ரொட்டியைத் தின்கிறார். ரஷ்ய மொழியில் 'நன்றி' என்று சொல்ல இன்னும் வரவில்லை.

தாளில் வழக்கம்போலத்தான். "கடல், பதினாறு தாளக்கட்டு. இளவரசி எழுகிறாள், எட்டு. வியப்பு, நான்கு. மகிழ்ச்சி, அறுபத்து நான்கு." தையல்காரனுக்குக்கூடத் துணியைத் தொட்டுப் பார்க்க உரிமை உண்டு. எனக்கு அளவு மட்டும் வரும். இருபது வருஷமாக இப்படித்தான் மகிழ்ச்சியை முழம் போட்டு வெட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பத்திரிகையில் க்ளேப் தரசேவிச்சின் மூன்றாவது சிம்பொனி பற்றி முக்கால் பத்தி. இசைக் கல்லூரியில் என் பக்கத்து மேசைக்காரன். ஒத்திசைப் பாடத்தில் என் நோட்டைப் பார்த்து எழுதியவன். எனக்கு வரவேண்டிய பேராசிரியர் நாற்காலியில் இன்று உட்கார்ந்திருப்பவன். என் பெயர்நாள் விருந்தில் எல்லார் முன்னாலும் சொன்னான்: "ஸவாவோட இசையில ஒரு வசதி இருக்குப்பா. கேட்டுக்கிட்டே சாப்பிடலாம், ஸ்பூன் தாளம் தப்பாது." எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி அன்ஃபீஸாவும் சிரித்தாள்.

ஏப்ரல் 17

கதை கிடைத்தது. கதை என்றா சொல்வது? கடலின் மகள் ஒருத்தி அம்பர் என்ற பொன்னிறப் பிசின்கல்லுக்குள் உறைந்து போகிறாள். சூரியன் வந்து கல்லை உருக்கி அவளை மணந்து அழைத்துப் போகிறான். மணப்பெண் ஊர்க் கடற்கரையில் அம்பர் ஒதுங்குமாம். சூரியன் யார் என்று குழந்தைக்கும் தெரியும். பெயர் 'அம்பர் இளவரசி'.

நடுவில் அவள் உறையும் இடத்துக்கு வெர்னியோல் எழுதியிருப்பது: "விளம்பம், மெதுவாக. செல்லோ தனியாக. அழகாக. துக்கம் வேண்டாம், இது கல்யாணம்."

ஏப்ரல் 24

மூன்று நாளாக வெளியே போகவில்லை. அந்த விளம்பப் பகுதி அளவுக்குள் நிற்க மறுக்கிறது.

அவள் உறைகிறாள். எல்லா வாத்தியமும் நிற்கிறது. முழு மௌனம். வெர்னியோலின் கணக்குப்படி பகுதி அங்கேயே முடிகிறது, அடுத்து குதிரைப் பாய்ச்சல் நடையில் சூரியனின் ஓட்டம். ஆனால் கடல்? மகளைக் கல்லுக்குள் விட்ட கடல் எங்கே போயிற்று? தாளில் அதற்கு ஒரு தாளக்கட்டுகூட ஒதுக்கவில்லை. மணப்பெண் வீட்டார் அழுவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை போலும். மௌனத்துக்கு அப்புறம் செல்லோ மட்டும் மீண்டும் எழுந்து, அதே ராகத்தைத் தலைகீழாகத் தேடிப் போகிறது. கிடைக்கவில்லை. ஒரு முழுப் பக்கம் தேடிவிட்டு நின்றுவிடுகிறது.

எழுதி முடித்துவிட்டு வெகுநேரம் பியானோ முன் உட்கார்ந்திருந்தேன். இந்த ஒரு பக்கம் யார் கேட்டும் எழுதியதல்ல. யாருடைய காலுக்கும் எழுதியதல்ல. நாற்பத்தெட்டு வயதில் ஒரு பக்கம். அதிகம் என்று யாரும் சொல்ல முடியாது.

மே 3

ஒத்திகைக் கூடம். இரண்டு வயலின்காரர்கள் வாசிக்க, வெர்னியோல் கைத்தடியால் தரையைத் தட்டினார். மௌனம் வந்ததும் தடியும் நின்றது.

"என்ன மொஸ்யே, மீதியை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?"

மௌனம் எழுதியிருக்கிறேன், அதன்பின் ஒரு பக்கம் இருக்கிறது என்றேன்.

"மௌனம் எனக்குத் தெரியாதா? ஆடுற பொண்ணு அடியை மறந்துட்டான்னு அர்த்தம். வெட்டுங்க. அந்தப் பக்கத்தையும் சேர்த்து வெட்டுங்க. சமையல்கட்டுல காத்துக்கிட்டிருக்காங்க, விருந்துக்கு நேரம் ஆகும்."

மாடியிலிருந்து இறங்கும்போது இரண்டு இடத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். கோபமா, வயதா? இரண்டும்தான்.

மே 5

வாத்தியக் குழுவை நடத்தும் யெனிச்செக்கிடம் போனேன். செக் நாட்டுக்காரர், நல்ல மனிதர், பீர் வாசனை. பக்கத்தைப் பார்த்தார். இரண்டாம் முறையும் பார்த்தார்.

"இது நல்லா இருக்கு, ஸவேலி நிக்கனோரிச். அதனாலதான் சொல்றேன், தியேட்டர்ல மௌனம் வைக்காதீங்க. வெச்ச இடத்துல அது இருக்காது. எவனாவது வந்து குந்திக்குவான்."

தியேட்டரில் சரி. மேல்மாடத்தில் முதல் ஆட்டக்காரி ஸினயீதாவின் ரசிகர்கள் அவள் மூச்சு விட்டாலே கத்துவார்கள். அரண்மனை அரங்கு அப்படியா? பேரரசர் கை தட்டாமல் அங்கே ஓர் உயிர் தட்டக்கூடாது. இருமல்கூடக் கைக்குட்டைக்குள்தான். பேரரசர் ஆட்டத்தின் நடுவே தட்டுவதில்லை என்பது ஊருக்கே தெரியும். ஆகவே இந்த நாட்டில் ஒரு மௌனம் மௌனமாகவே இருக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

இதைச் சொன்னேன். யெனிச்செக் தாடியைச் சொறிந்தார். "அட, வழக்கத்தையே காவலுக்கு நிறுத்துறீங்களா!" என்றார்.

ஆம். வாழ்நாள் முழுக்க அந்த வழக்கங்களுக்குக் குனிந்திருக்கிறேன். ஒரு தடவை அவை எனக்கு வேலை செய்யட்டுமே.

மே 11

ஸினயீதா கார்லோவ்னாவின் வீடு. அம்பர் இளவரசி அவள்தான். மஞ்சள் பட்டுச் சோபாவில் இரண்டு நாய்கள், நடுவில் அவள். எனக்கு ஸ்டூல்.

வெர்னியோலை மீற அவள் ஒருத்தியால்தான் முடியும். என்ன சொல்ல வேண்டும் என்று தெருவெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். இசை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"எல்லா வாத்தியமும் நின்னுடும். மேடையில நீங்க மட்டும், ஒத்தைக் கால் நுனியில. புடிச்சுக்க ஆள் இல்ல, ஒளிஞ்சுக்க இசை இல்ல. அரண்மனையே உங்களை மட்டும் பார்க்கும்."

நாயைத் தடவுவது நின்றது. "எவ்வளவு நேரம்?"

"உங்களால எவ்வளவு நேரம் முடியுமோ."

"எனக்குப் போட்டியா வந்து ஆடினாளே அந்த மிலானோகாரி, அவ இப்படி நின்னதில்லையே?"

"யாருமே நின்னதில்லை."

கண் பளபளத்தது. உடனே விலையும் வந்தது. "கண்ணு, எனக்கு ஒண்ணு செய்யணும். போன வருஷம் வேற ஆட்டத்துல ஆடினேனே அந்தப் போல்கா, அதுதான் எனக்கு ராசி. உங்க வியப்பு இருக்கு பாருங்க, அதை எடுத்துட்டு அங்க என் போல்காவை வெச்சுக்கிறேன்."

அந்தப் போல்கா எவனோ ஓர் இத்தாலியன் எழுதிய குப்பை. இங்கே பெரிய ஆட்டக்காரிகள் தங்கள் ராசியான துண்டை ஆட்டத்துக்கு ஆட்டம் மூட்டையில் கட்டித் தூக்கிக்கொண்டு போவார்கள். எழுதியவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பான். நானும் நின்றேன். சம்மதித்தேன். வியப்பைக் கொடுத்து மௌனத்தை வாங்கினேன்.

நாய் வாசல்வரை வந்து குரைத்தது.

மே 14

வெர்னியோல் ஒத்துக்கொண்டார். "பொம்பளை கேட்டா கடவுளே ஒத்துக்குவார்" என்றார். பக்கம் இருக்கும்.

ஜூன் 6

முழு வாத்தியக் குழுவோடு முதல் ஒத்திகை. முதல் செல்லோ பன்தெலேய். குடிகாரன், பல்லில்லாதவன். ஆனால் வில் மட்டும் பொய் சொல்லாது.

மௌனம். பிறகு அந்தப் பக்கம்.

நான் இதைப் பற்றி எழுதப் போவதில்லை. எழுதினால் க்ளேப்பின் கட்டுரை மாதிரி ஆகிவிடும். முடிந்ததும் யாரும் இசைத்தாளைப் புரட்டவில்லை, அவ்வளவுதான். யெனிச்செக் குச்சியை மெதுவாகக் கீழே வைத்து, "சரி, அஞ்சு நிமிஷம்" என்றார். ஓய்வுக்கு இன்னும் நேரம் இருந்தது.

ஜூன் 19

க்ளேப்புக்கும் அழைப்பு வந்திருக்கிறது. கல்லூரிப் பேராசிரியர் என்ற முறையில், பின்வரிசை. தெருவில் பார்த்தேன். "விளம்பப் பகுதியைக் கவனி. நின்ன பிறகு வர்றதைக் கவனி" என்று நானே சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? கேட்காமலே இருந்திருக்கலாம். இவனிடம் நல்ல பெயர் வாங்க எதற்கு இத்தனை தவிப்பு? அவன் யார்?

அவன்தான். வேறு யாரிடம் வாங்கி என்ன பயன்.

ஜூலை 12

பீட்டர்ஹோஃப். கடல் ஈரத்தில் தந்திகளின் சுருதி இறங்குகிறது. நாளை.

ஜூலை 14

நேற்று நடந்தது.

வரிசையாக எழுதிவிடுகிறேன். எழுதினால் ஒருவேளை வேறு மாதிரித் தெரியும்.

பேரரசர், பேரரசி, மணமக்கள் எல்லாரும் முன்வரிசை நாற்காலிகளில். பேரரசருக்கு வலப்பக்கம் மணப்பெண்ணின் தாத்தா, அந்தக் குறுநாட்டு டியூக். தொண்ணூறு வயதிருக்கும். இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்து உட்காரவைத்தார்கள். காது சுத்தமாகக் கேட்காது என்று பக்கவாட்டில் என்னோடு நின்ற அரண்மனைக்காரர் சொன்னார். நான் பொருட்படுத்தவில்லை. கேட்காத காது எனக்கு என்ன செய்யப்போகிறது?

கடல். எழுச்சி. வியப்பு இருந்த இடத்தில் இத்தாலியனின் போல்கா. அரங்கு கல்லாக இருந்தது. ஸினயீதா அத்தனை சுழற்சி சுழன்றும் ஒரு கைகூட அசையவில்லை. பேரரசர் தட்டவில்லையே! எனக்கு மகிழ்ச்சி. காவல் நன்றாக நிற்கிறது.

விளம்பம் வந்தது. பன்தெலேய் குடிக்காமல் வந்திருந்தான். அவள் உறைந்தாள். வாத்தியங்கள் நின்றன.

ஒற்றைக் கால் நுனியில் அவள். பொன் நிற வெளிச்சம். ஒரு விசிறிகூட ஆடவில்லை. சன்னலுக்கு வெளியே நீரூற்றுச் சத்தம்கூடக் கேட்டது. நான் நினைத்தபடியே, அப்படியே. பன்தெலேய் வில்லை உயர்த்தினான். தந்திக்கும் வில்லுக்கும் நடுவே ஒரு விரற்கடை இருக்கும்.

அப்போது முன்வரிசையில் இரண்டு காய்ந்த கைகள் தட்டின.

டியூக். கிழவருக்கு இசை நின்றதும் தெரியாது, நிற்காததும் தெரியாது. ஒரு பெண் கால்விரல் நுனியில் நிற்கிறாள், விழவில்லை, அது கண்ணுக்குத் தெரிந்தது. குழந்தை மாதிரித் தட்டினார். பேரரசர் திரும்பி விருந்தாளியைப் பார்த்தார். ஒரு கணம்தான். வீட்டுக்கு வந்த சம்பந்தியைத் தனியாகத் தட்ட விடுவாரா? உறையிட்ட கைகளைச் சேர்த்தார். அவ்வளவுதான், அரங்கு முழுக்க இடி விழுந்த மாதிரி.

பேரரசர் தட்டினால் ஆடுபவள் முன்னால் வந்து பணிய வேண்டும். ஸினயீதா இறங்கினாள், வந்தாள், பணிந்தாள். மறுபடியும் பணிந்தாள். அம்பர் உடைந்து, இளவரசி மேடை விளிம்பில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். இனி எந்தக் கடல் யாருக்காகத் தேட? யெனிச்செக் என் பக்கம் பார்த்தார். மன்னிப்புக் கேட்கிற பார்வை. பக்கத்தைப் புரட்டிச் சூரியனின் ஓட்டத்தைத் தொடங்கினார். பன்தெலேய் அந்தக் குதிரை ஓட்டத்துக்கு வில்லை இறக்கினான்.

சாதாரணப் பாமரர்கள் நிறைந்த தியேட்டரில் இருந்திருந்தால் யாராவது "ஷ்ஷ்" என்றிருப்பார்கள். அங்கே யார் யாரை அதட்டுவது? வழக்கம் காவலுக்கு நின்றது. அதுவேதான் கதவையும் திறந்துவிட்டது. ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னவன் யார்? நான். எல்லாரும் உங்களை மட்டும் பார்ப்பார்கள் என்று சொன்னவன் யார்?

பார்த்தார்கள்.

ஜூலை 14, பிற்பகல்

க்ளேப் பற்றி எழுதாமல் விட்டேன். எழுதாமல் விட்டால் போய்விடுமா.

ஆட்டம் முடிந்து தோட்டத்தில் பிடித்துக்கொண்டான். கையில் ஷாம்பெயின்.

"ஸவா, இந்தத் தடவை உன்னை நம்பிட்டேண்டா. அந்த செல்லோ நின்னுச்சு பாரு, நான் மூச்சைப் புடிச்சுக்கிட்டேன். இதோ, இப்ப ஏதோ சொல்லப் போறான்னு. அப்புறம் பார்த்தா டகடகன்னு குதிரை! உன்கிட்ட எப்பவும் இதுதான். வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போற. உள்ள வீடு இல்ல."

"இருந்தது க்ளேப். கைதட்டல் வந்ததால போயிடுச்சு. ஒரு பக்கம் இருந்தது."

தோளைத் தட்டினான். உண்மையான இரக்கத்தோடு தட்டினான், அதுதான் தாங்கவில்லை. "எல்லார் மேசையிலயும் ஒரு பக்கம் இருக்குடா."

அந்தப் பக்கத்தை அனுப்புகிறேன், படித்துப் பார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கெஞ்சுவதா? இவனிடமா? செத்தாலும் மாட்டேன். டேய், நீ என் நோட்டைப் பார்த்து எழுதினவன்டா.

ஜூலை 20

எங்கே போனாலும் வாழ்த்து. டியூக் அந்த இடத்தைப் பற்றித்தான் விருந்து முழுக்கச் சைகையில் சொல்லிக்கொண்டிருந்தாராம். பேரரசரின் அலுவலகத்திலிருந்து எனக்குத் தங்கக் கடிகாரம், மூடியில் இரட்டைத் தலைக் கழுகு. ஸினயீதாவுக்குக் கல் பதித்த அட்டிகை.

அன்ஃபீஸா கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தாள். "காது கேக்காத கிழவனுக்கே உன் இசை பிடிச்சிருக்கு. இன்னும் என்ன வேணுமாம்?"

கடிகாரத்தை வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் முழுப் பெயர், மரியாதை எல்லாம் வரும். "ஸவேலி நிக்கனோரிச், கொஞ்சம் சந்தோஷமா இருங்க. தெருவுல எல்லாரும் சன்னல்ல நின்னு நம்ம வீட்டையே பார்க்குறாங்க."

ஆகஸ்ட் 28

'அம்பர் இளவரசி' இந்தப் பருவத்தில் நகரத் தியேட்டருக்கு வருகிறது. பக்கத்தைத் திரும்பச் சேர்க்கலாமே என்று வெர்னியோலிடம் போனேன்.

"பேரரசர் கை தட்டின இடத்துக்கு அப்புறம் இசையா?" கைத்தடியை உயர்த்தி என்னையே தட்டிவிடுவார் போலிருந்தது. "அவர் ஆட்டம் இங்க முடியுதுன்னு சொல்லிட்டார் மொஸ்யே. நீங்க இல்லைன்னு சொல்லப் போறீங்களா?"

நிர்வாக அலுவலகத்தில் இன்னும் மரியாதையாகச் சொன்னார்கள். முன்னிலையில் அங்கீகாரம் பெற்ற வடிவம் அதுவாம். அதில் கூட்டவோ குறைக்கவோ அவர்களுக்கு அதிகாரம் இல்லையாம். வாத்தியக்காரர்களின் தாள்களில் அந்தப் பக்கத்தை ஏற்கெனவே பசை தடவி முன்பக்கத்தோடு ஒட்டிவிட்டார்கள்.

பன்தெலேயைப் படிக்கட்டில் பார்த்தேன். "அந்தப் பக்கம் போயிடுச்சு" என்றேன்.

"தெரியும் ஐயா. நல்லதாப் போச்சு, விரலுக்கு ரொம்பக் கஷ்டம் அது."

செப்டம்பர் 16

தியேட்டரில் முதல் நாள். மௌனம் வந்ததும் மேல்மாடம் கூரை அதிரக் கத்தியது. அவர்கள் அதற்காகவே காத்திருந்தார்கள். 'டியூக்கின் இடம்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. ஸினயீதா நான்கு முறை பணிந்தாள். என்னையும் மேடைக்கு இழுத்தார்கள்.

போனேன். பணிந்தேன்.

நவம்பர் 3

காலை முழுக்க மழை. அந்தப் பக்கத்தைப் பியானோவில் வாசித்துப் பார்த்தேன். பியானோவில் அது ஒன்றுமே இல்லை. யாரோ ஒருவர் அடுத்த அறையில் எதையோ தேடுகிற சத்தம்.

அன்ஃபீஸா உள்ளே வந்து, "என்ன தொலைஞ்சிடுச்சு?" என்றாள். பியானோவைப் பார்த்துத்தான் கேட்டாளா, என்னைப் பார்த்தா? அவளிடம் அதைக் கேட்டிருக்க வேண்டும். மூடியை மூடிவிட்டேன்.

டிசம்பர் 20

க்ளேப்புக்கு நான்காவது சிம்பொனி. ஒன்றரைப் பத்தி.

பிப்ரவரி 11

இளைய இளவரசரின் வீட்டில் வசந்தத்தில் குழந்தை பிறக்கும். ஞானஸ்நான விழாவுக்கு ஓரங்க பாலே. வெர்னியோலின் தாள் நேற்று வந்தது.

"தேவதைகள், முப்பத்திரண்டு தாளக்கட்டு. தொட்டில், பதினாறு. விளம்பம், செல்லோ தனியாக. முடிவில் முழு நிறுத்தம், டியூக்கின் இடத்தில் இருப்பது போலவே. ஸினயீதா ஒற்றைக் காலில். கைதட்டல். அதற்குப் பின் எதுவும் வேண்டாம், நேராக ஓட்டம்."

காலைத் தேநீருக்குப் பின் உட்கார்ந்தேன். அன்ஃபீஸா கடைத்தெருவிலிருந்து திரும்பி வருவதற்குள் விளம்பம் முடிந்துவிட்டது. அளவு சரியாக இருக்கிறது. அடித்தல் திருத்தல் இல்லை. நிறுத்தக் குறி போட்டேன், கீழே இரட்டைக்கோடு இழுத்தேன். அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

"அதுக்குள்ளயா?" என்றாள், சால்வையை உதறிக்கொண்டே.

"சுலபமா இருந்துச்சு" என்றேன். உண்மைதான்.